காலில் வந்த மண்

தவசிக்கு அடிபட்டது வலது காலிலா இடது காலிலா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணை மூடினால் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், தோலுக்குள் கறுத்துக் கிடந்த அந்தத் திட்டு தெரிகிறது. எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டால் படம் கலைந்துவிடுகிறது. மற்றதையும் இந்த அளவுக்கே நம்புங்கள். பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரிசை முன்னே பின்னே இருக்கலாம்.

எண்பத்தேழு, எண்பத்தெட்டில் நான் திருச்சுழி கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஆற்றில் இறங்கிக் குளித்தே வளர்ந்தவனுக்கு, குண்டாற்று மணலைத் தோண்டி, ஊற்றில் சுரப்பதைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிற பெண்களைக் கடந்து போகவே கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. நூலகத்துக்கு வருகிறவர்கள் தினசரிகளைப் புரட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். பிறகு நானும் மின்விசிறியும்தான். அந்த வட்டாரத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர்களைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி பரளச்சி வரை போயிருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் மிளகாய் நெடியோடு ஒருவர் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அலமாரிகளைச் சாமி சன்னதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“பட்டாளத்துப் புஸ்தகமெல்லாம் வச்சிருக்கீகளாம்ல சார்?”

“என்ன புத்தகம் வேணும்?”

“புஸ்தகம் வேணாம் சார். எங்கய்யா விழுந்த எடம் வேணும்.”

அவர் பெயர் மாரிச்சாமி. பரளச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மானாவாரி விவசாயம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சங்கரலிங்கம் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் கட்டுகிற, வெடி வைக்கிற சாப்பர் படை. யுத்தம் முடிகிற சமயத்தில், அரக்கான் என்ற இடத்தில் காணவில்லை என்று சர்க்கார் தகவல் வந்தது. ஊர் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டது. காணாமல் போகிறவன் ஓடிப்போனவன். கண்மாய்த் தண்ணீருக்கு முறை பேசும்போது மாரிச்சாமி குரலை உயர்த்தினால், “ஓடுனவன் மகன்தானடா நீ” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது.

அவர்கள் குலத்தில் வெட்டுப்பட்டோ குத்துப்பட்டோ இறந்தவர்களுக்கு அய்யனார் கோயில் எல்லைக்குள் ஒரு கல் ஊன்றுவார்கள். பட்டவன் கல் என்று பெயர். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது அந்தக் கற்களுக்கும் பொங்கல் உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று. இறந்தவர் விழுந்த இடத்து மண் ஒரு பிடி வேண்டும். அதைக் குழியில் போட்டு, அதன் மேல்தான் கல்லை ஊன்ற வேண்டும்.

“எங்க சித்தப்பா ராமசுப்புதான் பூசாரி. மண்ணக் கொண்டா, மறுநிமிசம் ஊனுறேங்கிறாரு. பிடிமண்ணு இல்லாம ஊனுனா ஆடு ஒரசுறதுக்குத்தான் ஆகும், சாமிக்கு ஆகாதுங்கிறாரு.”

“அரக்கான் பர்மாவுல இருக்கு மாரிச்சாமி. கடல் தாண்டி.”

“எடத்தச் சொல்லுங்க சார். போறது வாரது எம்பாடு.”

அவர் அப்பாவின் பெயரையும் படையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

தை கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வருடம் மழை ஐப்பசியோடு நின்றுவிட்டது. கொத்தமல்லி கால் பங்குதான் விளைச்சல். மிளகாய்ச் செடிகள் முழங்கால் உயரத்தோடு நின்று, முடிந்தவரை காய்த்திருந்தன. களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. மாரிச்சாமியின் அம்மா ஜக்கம்மாள் அதன் நடுவே உட்கார்ந்து வெளுத்த வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஐந்தடி தள்ளி நின்றதற்கே தும்மல் வந்தது. அவள் கண்ணைக்கூடக் கசக்கவில்லை. கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய மஞ்சள் கயிறு, அதில் தாலி.

“இவருதானா புஸ்தகக்காரரு? வாங்க. நெடி ஏறுதா? ஊருக்குப் புதுசுல எல்லாருக்கும் அழுகதான் வரும்.”

மருமகள் சரஸ்வதி குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். “கும்பகோணத்துச் சோறு மாதிரி இருக்காது. தொண்டையக் கொஞ்சம் பிடிக்கும். தண்ணியக் கையில வச்சுக்கங்க” என்றாள். உண்மையில் அந்தக் குழம்பைப் பற்றி மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இன்னும் நாக்கில் இருக்கிறது.

சங்கரலிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஜக்கம்மாளிடம் கேட்டேன். அவள் வற்றலிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

“என்னத்தச் சொல்ல? கல்யாணத்தன்னைக்கு மழ பிடிச்சுக்கிருச்சு சார். பந்தலுல இருந்த சனம் பூராம் எந்திரிச்சு ஓடுது. நானே ஓடிட்டேன். அவுக மட்டும் மணையில உக்காந்து நனஞ்சுக்கிட்டு இருக்காக. என்னன்னு கேட்டா, எந்திரின்னு யாரும் சொல்லலையேங்கிறாக. அம்புட்டு மந்தம். அவுகளப் போயி ஓடிப்போனாகன்னு சொல்லுறாக. ஓடத் தெரிஞ்சாத்தான?”

“கல்லு ஊனுனா நீ தாலியக் கழட்டணும் ஆத்தா” என்றார் மாரிச்சாமி. “அத ரோசிச்சுக்க.”

“ரோசிச்சுட்டேன். இதப் போட்டுக்கிட்டு ஓடுனவன் பொண்டாட்டியா இருக்கேன். கழட்டிட்டுப் பட்டவன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். ரெண்டுல எது கனம்னு எனக்குத் தெரியாதாடா?”

அடுத்த கை வற்றலை அள்ளினாள். காய்ந்த வற்றலில் விதை குலுங்குகிற சத்தம் கேட்டது.

டெல்லிக்கு எழுதிப் பார்த்தேன், மாதக்கணக்கில் பதில் இல்லை. சென்னையிலிருந்து யுத்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்துப் படித்தேன். கப்பற்படை அதிகாரி ஒருவர் எழுதியதில் அரைப் பக்கம் கிடைத்தது. ஒரு கரையில் பெரிய படையை இறக்குவதற்கு முன், இருட்டில் நாலைந்து பேரைச் சின்னப் படகில் அனுப்பி, எதிரியின் காவலுக்கு நடுவே அந்தக் கரையின் மண்ணை எடுத்து வரச் சொல்வார்களாம். டாங்கி இறங்கினால் மண் தாங்குமா, புதையுமா என்று பார்ப்பதற்கு. அரக்கானில் ஒரு கழிமுகத்துக்கு அப்படி ஒரு கூட்டம் போனது. தென்னாட்டுச் சாப்பர்கள் இருவர் கூடப் போனார்கள். ஒருவர் திரும்பவில்லை. அவ்வளவுதான். பெயர் இல்லை. அடுத்த பத்தி கப்பலில் நடந்த ஒரு விருந்தைப் பற்றிப் பேசியது.

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பாதவர் சங்கரலிங்கமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மாரிச்சாமியிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார்.

“மண்ணு எடுக்கவா? வெள்ளக்காரனுமா சார் பிடிமண்ணு கேட்டான்?”

“ஆமா.”

“ஒரு பிடி மண்ணுக்கா?”

சிரிப்பு நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்த அந்த இன்னொருவர் உயிரோடு இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். போகிற இடமெல்லாம், டீக்கடைகளில், ஆட்டுச் சந்தையில், அரக்கானுக்குப் போன சாப்பர் யாராவது உண்டா என்று விசாரித்தேன். நரிக்குடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: “போனாரா என்னன்னு தெரியாது. ஆனா அந்தப் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாரு ஒருத்தரு. தவசின்னு. கரிமூட்டம் போடுறவரு. ஒருக்கா ரேடியோவுல அரக்கான்னு வந்துச்சு, பாதி டீய வச்சுட்டுப் போயிட்டாரு.”

நானும் மாரிச்சாமியும் போவதாகத்தான் பேச்சு. கிளம்பும்போது ஜக்கம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றாள்.

நரிக்குடிக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டுக்குள் அந்த மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வெட்டிய கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈர மண்ணைப் பூசி உள்ளே தீ வைத்திருப்பார்கள். மண்ணில் வெடிப்பு விழுந்து காற்றுப் புகுந்துவிட்டால் அத்தனை கட்டையும் கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் அது அவிகிற வரை ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒல்லியான, உயரமான மனிதர் ஒருவர் குழைத்த மண் சட்டியோடு மூட்டத்தைச் சுற்றி நொண்டிக்கொண்டிருந்தார்.

“திருச்சுழி லைப்ரரியில இருந்து வர்றேன்” என்றேன்.

“நான் புஸ்தகம் எதுவும் எடுக்கலையே.”

“அரக்கான் விஷயமா...”

சட்டியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று பாதையை நோக்கி நடந்தார். பத்தடி போயிருப்பார். மூட்டத்தின் உச்சியில் மண் விரிந்து ஒரு கீற்றுத் தீ எட்டிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தார். நின்றார். வந்து ஒரு கை மண்ணை அள்ளி அதில் அப்பினார்.

ஜக்கம்மாள் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தாள். “தப்பிக்க முடியாத நேரம் பாத்துத்தான் வந்திருக்கோம் தம்பி.”

“நீங்க யாரு?”

அவள் மகனைப் பார்த்தாள். “பேரச் சொல்லுடா. நான் சொல்லக் கூடாதுல்ல.”

“பரளச்சி சங்கரலிங்கம் மகன் நான். இது எங்க ஆத்தா.”

தவசி வெடிக்காத இடத்தில் மண்ணைப் பூசினார். பூசிய இடத்திலேயே மறுபடியும் பூசினார்.

“பரளச்சி வழியாப் போற பஸ்ஸுல நான் இதுவரைக்கும் ஏறுனதில்ல மதினி” என்றார் கடைசியில். “சுத்தி அருப்புக்கோட்டை போயித்தான் போவேன். எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. கப்பல்ல வச்சு, ஒரு அவல்தாரு. அவனவன் கொலசாமிய நெனச்சு, வெளிய சொல்ல மாட்டேன்னு சூடத்த அமத்துங்கன்னான். நடுக்கடல்ல சூடம் ஏது? தீக்குச்சியக் கொளுத்தி நீட்டுனான். உள்ளங்கையால அமத்துனோம். லிங்கண்ணனும்தான்.”

“சண்டை முடிஞ்சு இத்தன வருஷமாச்சே” என்றேன்.

“முடிஞ்சுச்சு. வெள்ளக்காரனும் போயிட்டான். சத்தியத்த எறக்க யாரும் வரலையே சார். தீக்குச்சியில பண்ணுன சத்தியம் செல்லுமா செல்லாதான்னு ஒரே ரோசன. எம் பொண்டாட்டி சாகுற மட்டும் கேட்டா. சொல்லல.”

ஜக்கம்மாள் கேட்டாள்: “எந்தச் சாமி உங்களுக்கு?”

“கருப்பசாமி.”

“கருப்பசாமி என்ன பீடியா குடிக்காரு, தீக்குச்சிய நீட்ட?”

“சுருட்டு குடிப்பாரே மதினி.”

மாரிச்சாமி சிரித்துவிட்டார். தவசியும் சிரித்தார், பல்லில்லாத வாயோடு. ஜக்கம்மாள் சிரிக்கவில்லை.

“சுருட்டுக்குத் தீக்குச்சி. சத்தியத்துக்குச் சூடம். அமத்த வேண்டியத அமத்தாமச் செஞ்ச சத்தியம் செல்லாது. நான் சொல்லுறேன். பாவம்னு வந்தா எந்தலையில வரட்டும். பேசு.”

தவசி மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு எங்களுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தார்.

“ரப்பர் படகு மதினி. ரெண்டு வெள்ளக்காரன், நாங்க ரெண்டு பேரு. நல்ல இருட்டு. கரைன்னு பேருதான், அம்புட்டும் சேறு. கண்டல் மரத்து வேரு ஈட்டி ஈட்டியா நிக்கும். இரும்புக் கொழாய எறக்கி உருவி, உள்ள இருக்குற மண்ணப் பையில போட்டுக் கட்டணும். அண்ணன் குதிகாலால மிதிச்சுப் பாத்தாரு. ஏலே தவசி, நம்மூருக் கரிசல்ல மழைக்கு மறுநா வண்டி பூட்டுன மாதிரி இருக்குடா, பாரம் ஏத்துனா அச்சு வரைக்கும் முங்கும்னாரு. வெள்ளக்காரன் பேசாதேன்னு வாயப் பொத்துனான்.”

“அங்க போயிப் பேசிருக்காக” என்றாள் ஜக்கம்மாள். “வீட்டுல வாயத் தொறக்க மாட்டாக.”

“அப்பத்தான் மேல இருந்து வெளிச்சக் குண்டு போட்டாக. பகலு மாதிரி ஆயிருச்சு. சுட்டாக. எனக்குக் காலுல. விழுந்து கெடந்தவன அண்ணன்தான் இழுத்தாந்து படகுல போட்டாரு. பை அங்கயே கெடக்கு. ஏறு ஏறுங்கிறான் வெள்ளக்காரன். மண்ணு இல்லாமப் போயி என்னடா சொல்லுறதுன்னுட்டுத் திரும்பிப் போனாரு. ஓடல மதினி. சேத்துல எங்க ஓட? ஒவ்வொரு காலா உருவி உருவி நடந்து போனாரு.”

“ஓடத் தெரியாது” என்றாள் அவள்.

“பைய எடுத்துட்டாரு. தூக்கி எங்களுக்குக் காமிச்சாரு. மறுபடியும் சுட்டாக. விழுந்தாரு. எந்திரிக்கல. தண்ணி ஏறிருச்சு, படகத் தள்ளிட்டாக. நான் கத்துனேன். வாயில துணியத் திணிச்சுட்டாக.”

மூட்டத்திலிருந்து வெள்ளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காட்டில் ஒரு காற்றும் இல்லை. மாரிச்சாமி ஒரு சுள்ளியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

“அந்த எடத்துக்குப் போனா மண்ணு எடுக்கலாமா பெரியவரே?”

“எந்த மண்ண எடுப்ப? ஏத்தத்துல கடலு, எறக்கத்துல சேறு. ஒரு ஏத்தத்துல கெடந்த மண்ணு மறு ஏத்தத்துல அங்க இருக்காது. எடமே இப்ப இருக்குமோ என்னமோ.”

மாரிச்சாமி சுள்ளியைக் கீழே போட்டார். அவர் அப்பா ஓடவில்லை என்பது தெரிந்துவிட்டது. அவருக்கு ஓர் இடம் கிடையாது என்பதும் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் தவசியின் காலைப் பார்த்தேன்.

ஜக்கம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதென்ன அம்புட்டுக் கருப்பு?”

“அதான் மதினி, அந்தச் சேறு. கப்பலுக்கு வந்ததும் டாக்டரு வரல. ஒரு ஆபிசருதான் மொத வந்தான். காயத்துல அப்பியிருந்தத ஒரு கரண்டியால வழிச்சு டப்பாவுல போட்டு மூடிக்கிட்டான். பெறகுதான் டாக்டரு. பை வரல, எங்காலுல வந்த மண்ணுதான் மேலிடத்துக்குப் போச்சு. அதப் பாத்துட்டு, இங்க எறங்க முடியாதுன்னு வேற கரைக்குப் போயிட்டாகளாம். வழிச்சது போக உள்ள தங்குனது தங்கிப்போச்சு. தோலு மூடிருச்சு.”

அவள் எழுந்து போய், குனிந்து, அந்தக் கறுப்பின் மேல் ஒரு விரலை வைத்தாள். மிளகாய்க் கறை படிந்த விரல்.

“அப்ப மண்ணு நரிக்குடியிலதான இருந்திருக்கு” என்றாள்.

மறு வருடச் சிவராத்திரியன்று பகலில் அய்யனார் கோயிலில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். கல் ஒரு வேப்ப மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழியும் வெட்டியிருந்தது. மாரிச்சாமி துணிந்து வெட்டிவிட்டார். தவசி வெள்ளை வேட்டியில், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பரளச்சி வழியாகத்தான் வந்தாராம்.

ராமசுப்பு எல்லாவற்றையும் கேட்டார். கட்டையான மனிதர், உடம்பெல்லாம் திருநீறு. கூட்டத்தில் ஒருவர், “கால் மண்ணா பிடிமண்ணு? ஊரு சிரிக்கும்யா” என்றார். இன்னொருவர், “புஸ்தகத்துல போட்டிருக்காம்ல” என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ராமசுப்பு போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பொங்கல் பானைகள் அடுத்தடுத்துப் பொங்கின. குலவைச் சத்தம் எழுந்து அடங்கியது. மாரிச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் குழியை அவரேதான் மூட வேண்டும்.

ராமசுப்பு எழுந்து வந்து தவசி முன்னால் குந்தி, வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார்.

“இந்த அய்யனாரே இங்க பெறந்தவரு இல்ல” என்றார் கூட்டத்தைப் பார்க்காமல். “நம்ம முப்பாட்டன் பஞ்சத்துல கெளம்பி வரும்போது மடியில முடிஞ்சு கொண்டாந்த மண்ணு. பெறகு தெக்க ஒரு கோயிலுக்குப் பானையில போச்சு. மடியில வரலாம், பானையில போகலாம். காலுல வரக் கூடாதுன்னு யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. எறங்கு.”

தவசி பின்வாங்கினார். “சாமிக் குழியில காலயா வைக்கச் சொல்லுறீக?”

“செருப்ப மட்டும் கழட்டிக்க.”

யாரோ சிரித்தார்கள். தவசி செருப்பைக் கழற்றினார். மாரிச்சாமி தோளைக் கொடுக்க, குழிக்குள் இறங்கி நின்றார். ராமசுப்பு செம்புத் தண்ணீரை அந்தக் கறுப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் காலில் வழிந்து, விரல்களுக்கிடையே இறங்கி, குழி மண்ணை நனைத்தது. அந்த ஈர மண்ணை ஒரு பிடி அள்ளி மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் அவரும் ஓடினவன் தம்பியாகத்தான் இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வந்துட்டியாண்ணே” என்றார்.

ஜக்கம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் கழுத்து வெறுமையாக இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எப்போது கழற்றினாள் என்று சரஸ்வதிக்கும் தெரியவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு முறை போனபோது அந்தக் காலைப் பற்றிக் கேட்டேன். பீச்சாங்கால் என்றார் மாரிச்சாமி. உள்ளேயிருந்து சரஸ்வதி, “சோத்தாங்கால்தான், நான் பாத்தேன்” என்றாள். இருவரும் சண்டை போட்டார்கள். நான் தீர்த்துவைக்கவில்லை.

ராமசுப்பு தொண்ணூற்றொன்றில் இறந்தார். இப்போது மாரிச்சாமிதான் பூசாரி. ஜக்கம்மாள் அதற்கு இரண்டு வருடம் கழித்து, மிளகாய் பறிக்கிற காலத்தில், காய்ச்சலில் போனாள். தவசி நடக்க முடிந்த வரை ஒவ்வொரு சிவராத்திரிக்கும் வந்தார். தன்னை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நரிக்குடியில் அப்படியே செய்தார்கள். எனக்கு மாற்றலாகிவிட்டது. யுத்தத்துக்குப் போனவர்களைப் பற்றிய புத்தகத்தை நான் எழுதவில்லை. கல் இருக்கிறது. அதில் பெயர் வெட்டவில்லை, அங்கே எந்தக் கல்லிலும் வெட்டுவதில்லை.